கெட்டித் தண்ணீர்

எங்கள் அலுவலகத்தில் அண்ணிக்கு வைத்த பெயர் 'ஆனா'.

எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதலில் "நல்லா இருக்கு" என்பார். கொஞ்சம் நிறுத்துவார். பிறகு "ஆனா" என்பார். அந்த இடைவெளியில் வியர்க்காதவர்கள் எங்கள் மாடியில் யாரும் இல்லை.

இயந்திரங்களைச் சோதிப்பது அவர் வேலை. அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. நான் அவருடைய கணவரின் தம்பி. அதே நிறுவனத்தில் பட்டன் பிடிப்பவன்.

பட்டன் பிடிப்பது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பெரிய வேலை இல்லைதான். இயந்திரம் ஓடும் அறைக்குள் ஓர் ஆள் சிவப்புப் பட்டனோடு நிற்க வேண்டும் என்பது விதி. அது தப்பான காரியத்தில் இறங்கினால் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அப்படியே நின்றுவிடும். ஆரம்பத்திலிருந்தே அந்த ஆள் நான்தான். எனக்கு லீவு என்றால் சோதனைக்கும் லீவு.

இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஆள் உயரத்துக்கு ஒரு தூண், அடியில் சக்கரங்கள், பக்கத்துக்கு ஒரு கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் கேமராக்கள். ஒரு துரும்பை எடுத்துப் போடுவதற்கு முன்பே எல்லோரும் அதைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். அதனால் அந்தப் பெயர்.

கீழ்த்தளத்தில் அதற்காக ஒரு வீட்டையே கட்டி வைத்திருந்தோம். சமையலறை, படுக்கையறை, சுவரில் யாருடையது என்று தெரியாத ஒரு குடும்பப் படம். கட்டிலில் நோயாளியாகப் படுக்க ஒரு நாடக நடிகர் வருவார். "வசனம் இல்ல, நடை இல்ல, படுத்தே சம்பாதிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வார். சில நாள் உண்மையாகவே தூங்கிவிடுவார்.

எங்கள் வீட்டில் அப்பா நடிக்காமல் படுத்திருந்தார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதிலுக்கு இடது கை மட்டும்தான் இருந்தது. தொண்டையும் சரியில்லை. சாதாரணத் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து, பசை மாதிரி கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அது அறவே பிடிக்காது. ஒவ்வொரு வாய்க்கும் எங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

அவரைப் பார்த்துக்கொள்வதற்காக அண்ணன் வேலையை விட்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் கயிறும் கப்பியுமாக நின்றவர், இரண்டு வருடமாக ஒரு கட்டிலைச் சுற்றி வந்தார். குறை சொன்னதில்லை. ஆனால் எங்காவது லிஃப்டில் ஏறினால் கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்.

ஒருநாள் அவருடைய பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். இடம் காலியாகிறது, வருகிறாயா என்று கேட்டார். அண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அன்று மாலையே பரணிலிருந்து தன் கருவிப் பையை இறக்கிவிட்டார்.

அவர் போக வேண்டுமென்றால் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மாப்பிள்ளை வர வேண்டுமென்றால் அண்ணி சரி என்று சொல்ல வேண்டும்.

அப்படி ஏற்பாடு செய்தது எங்கள் பாஸ். நல்ல மனிதர். கனவு காண்பவர். ஒரு வேலை மட்டும் தெரிந்த இயந்திரம் அல்ல இது என்பார். எந்த வீட்டில் விட்டாலும் பார்த்து, புரிந்து, மனிதனைப் போல முடிவெடுக்கும். உலகம் முழுக்கத் துரத்திக்கொண்டிருக்கும் பொது நுண்ணறிவு இதுதான். நாம் தொட்டுவிட்டோம் என்பார். அறிவிப்புக்கு நாளும் குறித்துவிட்டார். முதல் வீடு எங்களுடையது.

"சந்தேகப்படறவங்க வீட்டுக்குத்தான் முதல்ல போகணும்" என்றார் அண்ணியிடம். "உங்க மாமனார உங்களவிட யார் நல்லா பாத்துக்கப் போறாங்க? நீங்களே சரின்னு சொல்லிட்டா உலகத்துல வேற யாரும் வாயத் திறக்க முடியாது."

"நல்லா இருக்கு" என்றார் அண்ணி.

பாஸ் காத்திருந்தார்.

"ஆனா நான் சொல்லணுமே" என்றார் அண்ணி.

பாஸ் அவ்வளவு உறுதியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நானே பார்த்தேன்.

மாதிரி வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இரண்டு ஜாடிகள் வைப்போம். ஒன்றில் கெட்டித் தண்ணீர், ஒன்றில் சாதாரணத் தண்ணீர். நோயாளிக்குக் கெட்டித் தண்ணீர்தான் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லியிருக்கும். நடிகர் கையைத் தூக்கித் தண்ணீர் கேட்பார். ஒருமுறை மாப்பிள்ளையின் கை சாதாரண ஜாடியை நோக்கிப் போனது. பிடியைத் தொடப் போகிற நேரத்தில் நின்றது. ஒரு நொடி அந்தரத்தில் இருந்தது. பிறகு மெல்லத் திரும்பி மற்ற ஜாடியை எடுத்தது.

 பாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? யோசிச்சுது. தன் தப்ப தானே திருத்திக்கிச்சு. இத நாம சொல்லிக் கொடுக்கல."

எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அது பிறகும் பலமுறை நடந்தது. தப்பாகப் போகும், தயங்கும், திரும்பும். அந்த ஒரு நொடித் தயக்கத்தைப் பார்ப்பதற்காகவே மற்ற மாடிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

அண்ணி எல்லோரையும் போலக் கை தட்டினார். பிறகு கேட்டார்:

"ஏன் நின்னுச்சு?"

"தப்புன்னு புரிஞ்சதால."

"அது எனக்கும் ஆசைதான். ஆனா ஏன் நின்னுச்சு?"

அவர் சோதிக்கும் விதம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுவார். ஜாடியின் நிறத்தை மாற்றினார். இடத்தை மாற்றினார். விளக்கைக் குறைத்தார். நடிகரைக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

"மேடம், இப்படிப் படுத்தா எப்படித் தண்ணி குடிக்கிறது?"

"குடிக்க வேண்டாம். கேளுங்க போதும்."

மேசையைக் கட்டிலுக்கு மறுபக்கம் போட்டார். ஜாடிகளுக்குப் பதில் குவளைகள் வைத்தார். மாப்பிள்ளை எதற்கும் அசையவில்லை. சில முறை நேராகச் சரியானதை எடுத்தது. சில முறை தப்பாகப் போய், தயங்கி, திரும்பியது. எத்தனையை மாற்றினாலும் கடைசியில் சரியாகவே முடிந்தது.

"இன்னும் எதை மாத்தப் போறீங்க? நடிகரையா?" என்று பாஸ் கேட்டார்.

"சார், என் பொழப்புல கை வைக்காதீங்க" என்றார் நடிகர்.

வீட்டில் அண்ணன் கருவிப் பையை நடுக்கூடத்தில் விரித்து வைத்திருந்தார். ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்து வரிசையாக அடுக்கினார். அண்ணி அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

"எல்லாத்துலயும் பாஸாயிடுச்சாம். தம்பி சொன்னான்" என்றார் அண்ணன்.

"ஆமா."

"அப்புறம் என்ன?"

"எதுலயும் தோக்காததுதான் எனக்கு இடிக்குது."

"ஏம்மா, தோத்தா தோத்துடுச்சுங்கற. ஜெயிச்சா ஏன் ஜெயிச்சுதுங்கற. உனக்கு என்னதான் பண்ணணும்?" அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "நான் பழுது பாத்த லிஃப்ட் எதுவும் யோசிச்சதில்ல. பட்டன அமுக்கினா போகும். ஜனங்க நம்பி ஏறினாங்க."

"லிஃப்ட் எப்படி நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். இது எப்படி நிக்குதுன்னு எனக்குத் தெரியலையே."

அண்ணன் அடுத்த ஸ்பேனரை எடுத்தார். அவர் போக வேண்டும் என்று அவரைவிட அண்ணிக்குத்தான் அதிக ஆசை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசரின் போன் வந்த அன்று அவர்தான் ஸ்டூலைப் போட்டுப் பரணைக் காட்டினார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவைத் தள்ளு நாற்காலியில் மேசைக்குக் கொண்டு வந்திருந்தோம். அண்ணன் பேச்சு சுவாரசியத்தில் ஒரு கண்ணாடி டம்ளரை மேசை விளிம்பில் வைத்தார். பாதி வெளியே நின்றது.

"ஏய், விழப்போகுது" என்று அண்ணன் தானே சொல்லிப் பிடித்தார். பிறகு என் கையைக் காட்டிச் சிரித்தார். "பாரு, இவன் கட்டைவிரல் ஆடிடுச்சு. அதப் பாத்துத்தான் நான் திரும்பினேன்."

வீட்டில் இது பழைய கேலி. வெறுங்கையாக இருந்தாலும், ஏதாவது கவிழப் போகிறது என்றால் என் கட்டைவிரல் தானாக மடங்கும். பட்டன் பிடித்துப் பிடித்து வந்த வழக்கம். எனக்கே தெரியாது. பால் பொங்குவதற்கு முன் விரல் ஆடும். அப்பாவும் காரோட்டிய காலத்தில் இப்படித்தான். வாடகைக் கார் வைத்திருந்தார். நாங்கள் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் கையைத் தூக்குவார். மெதுவா என்று அர்த்தம். "அந்தக் கை இவனுக்கு விரலா வந்திருக்கு" என்பார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். அப்பா பாதி வாயால் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளம் அப்படியே இருந்தது. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார். "அந்த ஜாடிக்கிட்ட அது தப்பாப் போகும்போது நீ பட்டன அமுக்கியிருக்கியா?"

"இல்லையே அண்ணி. அதுக்குள்ள அதுவே நின்னுடும். அமுக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல."

"ம்" என்றார். 

மறுநாள் அவர் மாற்றச் சொன்ன பொருள் நான்.

"இவன் அறைக்குள்ள நிக்க வேண்டாம். பக்கத்து அறையில உக்காந்து திரையில பாக்கட்டும். பட்டன் அங்கிருந்தும் வேலை செய்யும்."

"ஆள் உள்ள நிக்கணும்னு விதி" என்றார் பாஸ்.

"அந்த விதிய எழுதினது நான்தான். ஒரு மணி நேரத்துக்குத் தள்ளி வைக்கிறேன்."

நான் பக்கத்து அறையில் உட்கார்ந்தேன். திரையில் கட்டில் தெரிந்தது. நடிகர் கையைத் தூக்கினார். மாப்பிள்ளை மேசைக்குப் போனது. கை நீண்டது. சாதாரண ஜாடி.

நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எடுத்தது, டம்ளரில் ஊற்றியது, அலுங்காமல் கொண்டுபோய் நடிகரின் வாயருகே வைத்தது. அழகாகத்தான் செய்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. என் விரல் மடங்கியிருந்தது. அமுக்க மறந்திருந்தேன். அழுத்தாமலே எல்லாம் சரியாகி வந்த பழக்கம்.

நடிகர் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"மேடம், நான் இப்ப இருமணுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

இன்னும் சில முறை செய்து பார்த்தோம். சிலது சரி, சிலது தப்பு. பூவா தலையா போட்ட மாதிரி இருந்தது. தயக்கம் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை.

"பழகின ஆள் இல்லன்னா தடுமாறுது" என்றார் பாஸ். "புது ஏற்பாடு. குழந்தையக்கூட அம்மா இல்லாம பரீட்சைக்கு அனுப்பினா அழும். இத வச்சு முடிவு கட்டாதீங்க."

"கட்டல" என்றார் அண்ணி. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. தம்பி, உள்ள வா."

உள்ளே போனேன். வழக்கமான இடத்தில் நின்றேன். அவர் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"இப்ப அது சரியான ஜாடிக்குப் போகும்போது உன் விரல மடக்கு. பட்டன அமுக்காத. சும்மா மடக்கு."

"சரியானதுக்குப் போகும்போதா?"

"ஆமா. கையால ஒரு பொய் சொல்லு."

நடிகர் கையைத் தூக்கினார். மாப்பிள்ளை மேசைக்குப் போனது. கை கெட்டித் தண்ணீர் ஜாடியை நோக்கி நேராகப் போனது. நான் விரலை மடக்கினேன்.

அது நின்றது. ஒரு நொடி அந்தரத்தில் இருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்து நெகிழ்ந்த அதே நொடி. பிறகு மெல்லத் திரும்பிச் சாதாரணத் தண்ணீரை எடுத்தது.

பாஸ் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளியின் உறவினருக்காக வாங்கிப் போட்ட நாற்காலி. அதில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

எனக்கு வேறு மாதிரி இருந்தது. அது என்னை நம்பியிருந்தது. இத்தனை நாள் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மனுஷனும் அடுத்தவன் முகத்தப் பாத்துத்தானே கத்துக்கிறான்?" என்று பாஸ் மெல்லக் கேட்டார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அல்ல, உண்மையாகவே கேட்டார்.

 அண்ணி மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றார். அதன் கேமராக்கள் இன்னும் என் கையைப் பார்த்தபடி இருந்தன.

"யாரும் சொல்லிக் கொடுக்காம, இத்தனை சாமானுக்கு நடுவுல, ஒரு கட்டைவிரல்தான் முக்கியம்னு தானா கண்டுபிடிச்சிருக்கு. நம்மள்ல ஒருத்தர் கண்ணுலயும் படல. கெட்டிக்காரத்தனம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்." மேசையிலிருந்த ஜாடியைத் தொட்டார். "ஆனா மனுஷன் முகத்தப் பாத்துத் தண்ணியக் கத்துக்குவான். இது கைய மட்டும்தான் கத்துக்கிச்சு. தண்ணியக் கத்துக்கல. பொது நுண்ணறிவுன்னு நாம கொண்டாடினது இவனோட விரல."

அறிவிப்பு தள்ளிப்போனது. பாஸ் கோபப்படவில்லை. மற்றவர்கள் கோபப்பட்டார்கள். 'ஆனா வர்றாங்க' என்று சொல்பவர்கள் அதன் பிறகு சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அண்ணி வழக்கம்போல எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார், தன் இடத்தில் உட்கார்ந்தார்.

வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. அவரே சொன்னார். நின்றுகொண்டே, சுருக்கமாக. அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். 

"உனக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னார். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். ஸ்டூலைப் போட்டுப் பையைப் பரணில் ஏற்றினார். இறங்கி, அப்பாவுக்குப் பொடி கலக்கப் போனார்.

அண்ணி சமையலறையில் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நான் போய்க் குழாயை மூடினேன்.

"சரின்னு சொல்லியிருக்கலாம் இல்ல தம்பி?" என்றார்.

"சொல்லியிருக்க முடியுமா உங்களால?"

"முடியாது. அதான் கேக்குறேன்."

கூடத்தில் அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அண்ணன் டம்ளரை நீட்டியபோது இடது கையைத் தூக்கினார். அண்ணன் அதைக் கவனிக்காமல் வாயருகே கொண்டுபோனார். அப்பா கையை இறக்கவில்லை. "குடிங்கப்பா" என்றார் அண்ணன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை அப்படியே மேலே நின்றது.

அண்ணி சமையலறை வாசலிலிருந்து அந்தக் கையைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் என் விரலைப் பார்த்த அதே பார்வை.

வேலை நடுவில் நடிகர் கையைத் தூக்கினால் நிற்க ஒரு வாரம் பழக்கிய பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணிதான் பாஸிடம் கேட்டு வாங்கினார். பாஸ் நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டாராம். "நீங்களா கேக்குறீங்க?"

"பொது நுண்ணறிவுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. கையப் பாத்து நடக்கிற ஒண்ணுன்னு சொல்லுங்க. எனக்கு அது வேணும்" என்றாராம் அண்ணி.

அப்பாவின் அறையில் அதை நிறுத்தினோம். அண்ணி என்னைப் பட்டனோடு கதவுக்குப் பின்னால் நிற்க வைத்தார். கதவிடுக்கில் எனக்கு எல்லாம் தெரியும். அதற்கு என் கை தெரியாது. மேசையில் இரண்டு ஜாடிகளையும் வைத்தார். பட்டன் வேலை செய்ய ஒரு நொடி பிந்தினாலும் டம்ளரைப் பிடுங்கிவிடும் தூரத்தில் தானே நின்றார்.

"மாமா, தண்ணி கேளுங்க. அது தப்பாப் போனா கையத் தூக்குங்க. அவ்வளவுதான்."

அப்பா இடது கையால் வாயைத் தொட்டுக் கேட்டார். மாப்பிள்ளையின் கை சாதாரணத் தண்ணீரை நோக்கிப் போனது.

அப்பாவின் கை போர்வை மேல் கிடந்தது.

ஜாடியை எடுத்தது. அப்பா அசையவில்லை. ஊற்றத் தொடங்கியது. அப்பா சன்னலைப் பார்த்தார்.

"மாமா, கை" என்றார் அண்ணி.

அப்பா இன்னும் கவனமாகச் சன்னலைப் பார்த்தார்.

அண்ணனுக்குத்தான் முதலில் விளங்கியது. "அட கள்ளா! அவருக்கு அந்தத் தண்ணிதான் வேணும். ரெண்டு வருஷமா அதுக்குத்தான் ஏங்கிட்டு இருக்காரு!"

நான் பட்டனை அழுத்தினேன். இந்த முறை அழுத்தினேன். அண்ணி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். அப்பா பாதி வாயால் சிரித்தார், உடம்பு குலுங்க. மாட்டிக்கொண்ட ஆளின் சிரிப்பு. எங்களாலும் அடக்க முடியவில்லை. அந்த அறையில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அண்ணி சாதாரணத் தண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"இனிமே இந்த அறைக்குள்ள இந்தத் தண்ணியே கிடையாது. குளியலறைக் கதவு பூட்டியிருக்கும். இல்லாதத எடுக்க முடியாது. அதுக்கு யோசிக்கத் தெரிஞ்சா என்ன, தெரியலன்னா என்ன?"

அப்பா கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பிறகு மற்றதைப் பார்த்தோம். மாப்பிள்ளை போர்வையைக் கழுத்துவரை இழுத்தது. அப்பா கையைத் தூக்கினார். நின்றது. கையை இறக்கினார். இழுத்தது. தூக்கினார். நின்றது. அப்பாவின் முகம் மாறியது. தலையணை, திரைச்சீலை, கட்டிலின் சாய்மானம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றையும் பாதியில் நிறுத்தி, மறுபடி விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எங்களைக் கார் ஓட்ட விட்ட காலத்தில்கூட நாங்கள் அவர் கைக்கு அப்படி நின்றதில்லை.

அண்ணன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டு வருஷமா கூடவே இருக்கேன். ஒருநாளும் இவ்வளவு சட்டுனு நின்னதில்ல" என்றார்.

"உங்களுக்கு அவர் கையத் தவிர வேற ஆயிரம் தெரியும். அதுக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்றார் அண்ணி. சமாதானம் போலவும் இருந்தது, உண்மையாகவும் இருந்தது.

"அப்போ சரிங்கறியா?"

"நல்லா இருக்கு" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அப்பாவும் கையைப் பாதியில் நிறுத்தியிருந்தார்.

"ஆனா மாமா கண்ண மூடிட்டா அது யார் கையப் பாக்கும்?"

 அதற்கும் அண்ணியே ஏற்பாடு சொன்னார். அப்பா தூங்கினால் மாப்பிள்ளையும் அணைந்துவிட வேண்டும். அப்பா விழித்திருக்கும் காலை நேரம் மட்டும் அது வேலை செய்யும். நான் பட்டனோடு அடுத்த அறையில் உட்கார்ந்து என் அலுவலக வேலையைப் பார்ப்பேன். பாஸ் அதற்குச் சம்மதித்திருந்தார். அண்ணன் சூப்பர்வைசரிடம் பேசி அரை ஷிஃப்ட் கேட்க வேண்டும். கொடுத்தால் போகலாம்.

"அரை ஷிஃப்டா?" என்றார் அண்ணன்.

"பாதி அறிவுக்குப் பாதி ஷிஃப்ட்தான்."

கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அண்ணன் சட்டையை மடித்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டி, அப்பாவின் அறை வாசலில் நின்றார். மாப்பிள்ளை சன்னல் திரையை விலக்கிக்கொண்டிருந்தது. வெயில் கட்டில்மேல் விழுந்தது.

"வரேம்ப்பா."

அப்பா கையைத் தூக்கினார். மாப்பிள்ளை நின்றது. அண்ணனும் நின்றார். திரை பாதியில், அண்ணன் கால் வாசற்படியில்.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகு கையைப் போர்வை மேல் இறக்கினார். திரை முழுவதும் விலகியது. அண்ணன் படி இறங்கிப் போனார்.

அண்ணி அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த அறை வாசலில் பட்டனோடு நின்றிருந்த என் கட்டைவிரலைப் பார்த்தார்.

அது சும்மாதான் இருந்தது.